இளைய மகள் புலம்பலும் ஓர் ஐரிஷ் சொல்லும்

அம்மாவின் செத்த வீட்டுக்கு நான் போன் வழியாகத்தான் போனேன். மட்டக்களப்பில் அப்போது பின்னேரம் நாலரை மணி, இங்கே மொன்றியலில் காலை ஏழு. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் துணி அறையில், மடித்து அடுக்கிய போர்வைகளின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அதன் முன்னால் நின்றேன். கையில் ஒரு தலையணை உறை இருந்தது. அதை ஏன் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அன்றைக்கு வேலைக்கு ஏன் போனாய் என்று பிறகு பலர் கேட்டார்கள். முதல் நாள் செய்தி வந்தது, அடுத்த நாளே அடக்கம். விமானச் சீட்டுத் தேடி எடுத்து, இரண்டு இடத்தில் மாறி, கொழும்பில் இறங்கி, அங்கிருந்து வாடகை வான் பிடித்துப் போய்ச் சேரும்போது குழிமேல் மண் காய்ந்திருக்கும். சரி, வீட்டில் இருந்திருக்கலாமே என்றால், ரொக்ஸ்பரோவில் எனக்கு இருப்பது ஓர் அறையும் ஒரு குசினியும். அதற்குள் இருந்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேலையில் என்றால் ஏழரைக்கு யாருக்குக் கஞ்சி, எட்டுக்கு யாருக்குக் குளிப்பு என்று தெரியும். அதனால் போனேன். அதில் தியாகமும் இல்லை, கல்நெஞ்சும் இல்லை.

எங்கள் பக்கத்துச் செத்த வீட்டில் ஒரு முறை உண்டு. பிரேதத்தைச் சுற்றி இருக்கும் பெண்கள் அழுது களைத்து, தேத்தண்ணி குடித்து, யாருடைய மகளுக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள் என்று மெல்லக் கதைக்கத் தொடங்கியிருப்பார்கள். அந்த நேரம் வாசலில் ஒரு புது ஆள் தெரிந்தால் போதும், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் திரும்ப வாய்விட்டுக் குளறத் தொடங்குவார்கள். வந்திருப்பது யார் என்று இறந்தவருக்குக் கூப்பிட்டுச் சொல்வார்கள். வந்தவள் பெண் என்றால் அவளும் பதிலுக்குக் குளறிக்கொண்டே உள்ளே வந்து அவர்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும். அவள் குரல் சேர்ந்த பிறகுதான் அவள் வந்ததாகக் கணக்கு. சின்ன வயதில் இதைப் பார்த்து ஒருமுறை சிரித்து, அக்காவிடம் தொடையில் கிள்ளு வாங்கியிருக்கிறேன்.

போனில் முதலில் தெரிந்தது கூரை. பிறகு அக்காவின் மகள் போனைச் சரியாகப் பிடித்தாள். பெட்டி தெரிந்தது, பெட்டிக்குள் அம்மா தெரிந்தார். மூக்கில் பஞ்சு. நெற்றியில் திருநீறு கொஞ்சம் அதிகமாகப் பூசியிருந்தார்கள். அக்கா என்னைக் கண்டதும் எழுந்து, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குளறினாள்.

"அம்மா, உங்கட சின்ன மகள் வந்திட்டாம்மா! கனடாவில இருந்து வந்திட்டாள்! எழும்பிப் பாருங்கம்மா!"

இருபது பெண்கள் அவளோடு சேர்ந்து குளறினார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குரலைத் தாழ்த்தி, போனைப் பார்த்தார்கள். என்னுடைய முறை.

இங்கே நான் எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடமாக அக்கா எனக்குப் போன் எடுப்பது என் வேலை நேரத்தில்தான். அவளுக்கு அதுதான் ஓய்வான நேரம். நான் என் பக்கத்து ஒலியை மூடிவிட்டு, சட்டைப் பையில் போனைப் போட்டு, காதில் ஒரு வயரைச் செருகிக்கொண்டு வேலை செய்வேன். அவள் பாட்டுக்குக் கதைப்பாள். தேங்காய் விலை, பேரனின் பல்லு, பக்கத்து வீட்டுச் சண்டை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு இடைக்கிடை ஓர் இதயப் படத்தை அமத்தி அனுப்புவேன். ஒலி மூடியிருப்பது எங்கள் இருவருக்கும் குறையாகவே தெரிந்ததில்லை. அன்றைக்கும் அழைப்பு வந்ததும் என் விரல் தானாகப் போய் ஒலியை மூடிவிட்டது.

எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். உள்ளே இருந்து ஏதாவது வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"லைன் போயிட்டுப் போல," என்றது ஒரு குரல்.

"இல்ல, சின்னம்மா நிக்கிறா. மைக்கத்தான் மூடி வச்சிரிக்கா," என்றாள் அக்காவின் மகள்.

நான் அவசரமாக ஒலியைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அக்கா, கேக்குதா?"

தேங்காய் விலை கேட்பது போலவே கேட்டேன். அக்கா என்னைப் பார்த்தாள். மூக்கைத் துடைத்தாள். பிறகு மகளிடம், "வை அத," என்றாள். திரை கறுத்தது. நான் தலையணை உறையை மடித்து வைத்துவிட்டு, கஞ்சி கொடுக்கப் போனேன்.

அதற்குப் பிறகு அக்கா என்னோடு கதைக்கவில்லை.

எனக்குள் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் உண்மை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு, உதடு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் என்னை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கியது. நித்திரை வந்தது. மேற்பார்வையாளர் என் தோளில் கை வைத்து "மே கொந்தொலேயான்ஸ்" என்று பிரெஞ்சில் அனுதாபம் சொன்னபோது, "மெர்சி" என்று சொல்லி, அந்த மாதத்து வேலை அட்டவணையில் ஒரு பிழை இருப்பதையும் காட்டினேன். அவள் கையை எடுத்துவிட்டாள்.

எட்டாம் நாள் புரோசார்ட்டில் இருக்கும் மச்சாள் சோறு சமைத்துக் கூப்பிட்டாள். அவள் மாமாவின் மகள். மொன்றியலில் எனக்கு இருக்கும் ஒரே சொந்தம் அவள்தான். மட்டக்களப்பில் காலையில் யாராவது தும்மினால் மத்தியானத்துக்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். எனக்குச் சோறு போட்டுவிட்டு, கறியை அகப்பையில் வைத்துக்கொண்டே தொடங்கினாள்.

"மச்சாள், நான் சொல்றண்டு கோவிக்காதீங்க. அங்க எல்லாரும் அதத்தான் கதைக்கிறாங்க. பெத்த தாய்ட பெட்டிக்கு முன்னால சத்தத்த மூடிட்டு நிண்டீங்களாம். அக்கா சொல்றாவாம், எனக்குத் தங்கச்சி இல்லண்டு நினைச்சுக்கொள்றன் எண்டு."

"பழக்கதோசத்தில மூடிட்டன்."

"அதச் சொல்லி விளங்கப்படுத்துங்க."

"என்னத்த விளங்கப்படுத்திற? திறந்திருந்தாலும் ஒண்டும் வந்திருக்காது."

மச்சாள் அகப்பையோடு நின்றாள். பிறகு கறியை என் தட்டில் போட்டாள். வேறு என்ன செய்வாள் பாவம்.

திரும்பும்போது அவளுடைய கணவர் என்னை விக்டோரியா பாலத்தால் கொண்டுவந்து விட்டார். பாலம் இறங்கும் இடத்தில், வீதியின் நடுவே ஒரு பெரிய கரிய கல் நிற்கிறது. எத்தனையோ தடவை அதைக் கடந்திருக்கிறேன். அன்று சிக்னல் வெளிச்சம் சிவப்பாக இருந்ததால் கார் அதற்குப் பக்கத்தில் நின்றது. "கப்பல்ல காய்ச்சலோட வந்து செத்த அயர்லாந்துச் சனத்தின்ர கல்," என்றார் அவர். அவர் யாழ்ப்பாணம். "பாலம் கட்டேக்க எலும்பு வந்ததாம். வேலை செய்த ஆக்கள் ஆத்துக்குள்ள கிடந்த கல்லைத் தூக்கி வச்சவையாம்." வெளிச்சம் பச்சையானது. நாங்கள் போனோம்.

இன்னும் சில நாளில் அக்காவின் மகளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அச்சடிக்கிறார்களாம். கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது அல்ல. இறந்தவரின் படத்தை முன்னட்டையில் போட்டு, வரலாறு, தேவாரம் எல்லாம் சேர்த்து வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகம். அதில் முக்கியமான பகுதி புலம்பல். கணவர் புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஒவ்வொருவர் வாயாலும் பாட்டு இருக்கும். அவர்கள் யாரும் அதை எழுதுவதில்லை. ஊரில் ஒரு புலவர் இருப்பார். அவர் வந்து விசயம் கேட்டு எழுதிக் கொடுப்பார். அன்று படத்துக்கு முன்னால் இருந்து அதை ராகம் இழுத்து வாசிப்பார்கள்.

"சின்னம்மா, உங்கட புலம்பலுக்கு நாலு விசயம் சொல்லி அனுப்பச் சொல்லிப் புலவர் கேக்கிறார்," என்றாள் மகள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அம்மா சொல்றா, உங்களுக்கு வேணாமாம். அழாதவளுக்கு எதுக்குப் புலம்பலாம். நான்தான் களவாக் கேக்கிறன். மூத்த மகள் புலம்பல் இரிக்கு, இளைய மகள் இல்லாட்டிப் பாக்கிற சனம் என்ன நினைக்கும்? கெதியா அனுப்புங்க சின்னம்மா."

அந்தச் செய்தியை நான் மூன்று தடவை கேட்டேன். எனக்கு அப்போது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் புத்தகத்தில் என் பக்கம் இல்லாமல் போனால் அக்காவும் நானும் இனி ஒரு நாளும் கதைக்கப் போவதில்லை. அச்சடித்தது அச்சடித்ததுதான். எனக்கு மிஞ்சியிருந்தது அவள் ஒருத்தி. பயமாக இருந்தது. அந்த மாதம் முழுக்க நான் உணர்ந்த ஒரே உணர்ச்சி அந்தப் பயம்தான்.

எழுத உட்கார்ந்தேன். மாவட்ட அரசாங்க அலுவலகமான மட்டக்களப்புக் கச்சேரியில் பதினொரு வருடம் தட்டெழுத்தாளராக இருந்தவள் நான். ஆயிரம் கடிதம் அடித்திருப்பேன். ஆனால் 'அன்புள்ள அம்மா' என்று எழுதினால் அடுத்து 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்' என்று கை போனது. தாளைக் கசக்கி எறிந்தேன்.

அடுத்த நாள் துணி அறையில் இன்னொரு தாளோடு நின்றபோதுதான் அயர்லாந்துக்காரி அதைப் பார்த்தாள். சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்கிறவள். என்னைவிட நாலைந்து வயது குறைவு. அயர்லாந்தின் மேற்குக் கரையில், வீட்டில் ஐரிஷ் மொழியே பேசுகிற ஓர் ஊரில் பிறந்து, ஒரு கியூபெக்காரனைக் கட்டி இங்கே வந்து, அவன் போன பிறகும் இங்கேயே இருந்துவிட்டவள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் சுருக்கென்று பேசுவாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

பெரிய படுக்கை விரிப்பை ஒருத்தி தனியாக மடிக்க முடியாது. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, இழுத்து, நடந்து வந்து ஒருவர் கையில் ஒருவர் கொடுத்து மடிக்க வேண்டும். அப்படி மடித்துக்கொண்டே, என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒலியை மூடியதை, "கேக்குதா" என்றதை, கல்வெட்டை. ஆங்கிலத்தில் சொல்லும்போது எல்லாம் இன்னும் கேவலமாகக் கேட்டது.

அவள் விரிப்பின் மூலைகளை என் கையில் தந்துவிட்டு, "கீன்யூ," என்றாள்.

"என்ன?"

"எங்கள் மொழியில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. கீன்யூ. செத்தவருக்கு முன்னால் பெண்கள் குளறுவது."

"அழுகை."

"அழுகையும்தான். பால் கேட்டுப் பிள்ளை அழுதாலும் அதே சொல்தான். ஆனால் செத்த வீட்டில் சொன்னால் அது ஒரு வேலை. அதற்கென்று ஒரு பெண் இருப்பாள். பன் கீன்ச்ச. குளறுகிற பெண். அவள் வீட்டு ஆள் இல்லை. கூப்பிட்டால் வருவாள். அவளுக்குக் குடிக்கக் கொடுப்பார்கள், புகையிலை கொடுப்பார்கள். செத்தவர் எப்படிப்பட்டவர், யாருடைய பிள்ளை, கை என்ன வேலை செய்தது என்று எல்லாம் விசாரிப்பாள். பிறகு தொடங்குவாள்."

"சொந்தக்காரர்?"

"பிறகு சேர்ந்துகொள்ளலாம். சேராமல் சுவரைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். அதற்குத்தானே அவளைக் கூப்பிட்டது."

நீ கேட்டிருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். பாதிரிமாருக்கு அது பிடிக்கவில்லையாம், நாகரிகமில்லை என்று சொல்லிச் சொல்லி நிற்பாட்டிவிட்டார்களாம். பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய ஒலிப்பதிவு போட்டார்களாம். வகுப்பே சிரித்ததாம். அவளும் சிரித்தாளாம். நான் என் தொடையில் விழுந்த கிள்ளை நினைத்துக்கொண்டேன்.

"பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் இருக்கிறதே, தெரியுமா?" என்றாள். "வருடா வருடம் அங்கே நடந்து போவார்கள். நானும் ஒருமுறை போனேன். ஒருவர் ஜெபம் செய்தார், ஒருவர் பாக்பைப் வாத்தியம் ஊதினார். நாங்கள் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றோம். ஒருத்தி வாய் திறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது." அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த விரிப்பை எடுத்தாள்.

நான் ஒன்றை அரைகுறையாக அறிந்து வைத்திருக்க மாட்டாதவள். கச்சேரிப் புத்தி. வீட்டுக்குக் கிட்டவுள்ள நூலகத்தில் ஐரிஷ் அகராதி இல்லை. அங்கிருந்த பெண்பிள்ளை, எதற்கு என்று கேட்காமல், நகரத்துக்குள்ளிருந்து ஒன்றை வரவழைத்துத் தந்தாள். தலையணைபோல மொத்தமான புத்தகம். அதன் முன் உட்கார்ந்தபோது, அம்மா செத்ததற்கு நான் செய்கிற காரியம் இது ஒன்றுதான் என்று தோன்றியது. சிரிப்பும் வரவில்லை.

சொல் இருந்தது. அழுவது, புலம்புவது, இறந்தவருக்காக அழுவது என்று பொருள் போட்டிருந்தார்கள். எழுத்தில் அது நீளம். கடைசி எழுத்துகளை எழுதுகிறார்கள், வாயில் உச்சரிப்பதில்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்திய பழைய ஐரிஷிலேயே அந்தச் சொல் இருந்திருக்கிறது, அப்போதும் இறந்தவருக்காகப் புலம்புவது என்ற பொருளில்தான். அதற்கும் முன்னால் எங்கிருந்து வந்தது என்று அந்தப் புத்தகத்தில் இல்லை. ஆங்கிலக்காரர்கள் அயர்லாந்துக்குப் போன இடத்தில் இதைக் கேட்டு, அவர்கள் மொழியில் இதற்குச் சொல் இல்லாததால், வெட்டிச் சுருக்கி 'கீன்' என்று எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு புத்தகத்தில் அது எப்படி நடக்கும் என்று இருந்தது. முதலில் குளறுகிற பெண் இறந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முகமன் சொல்வாள். பிறகு அவருடைய வரலாற்றைப் பாடுவாள். அவள் மூச்சு விடும் இடத்தில், சுற்றி இருக்கிற எல்லோரும் சேர்ந்து குளறுவார்கள். அந்தச் சேர்ந்த குளறலுக்குத் தனியாக ஒரு பெயர்கூட இருக்கிறது.

இதை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. வந்தது வேறொன்று. அக்கா அன்றைக்கு என்னிடம் கேட்டது என் துக்கத்தை அல்ல, என் முறையை. அவள் முறைக்கு அவள் செய்தாள், என் முறைக்கு நான் செய்யவில்லை. எனக்குள் என்ன இருக்கிறது, இல்லை என்று அங்கே யாரும் திறந்து பார்க்கவில்லை. விரிப்பின் மறுமூலையைப் பிடிக்க ஆள் இல்லாமல் அவள் நின்றிருக்கிறாள். அது விளங்கியபோது வெட்கமாக இருந்தது. வெட்கம் மட்டும் மரத்துப் போகவில்லை என்று கண்டுகொண்டேன்.

அன்றைக்கே அக்காவின் மகளுக்கு எழுதி அனுப்பினேன். துக்கத்தை எழுதவில்லை, அது என்னிடம் இருக்கவில்லை. குளறுகிற பெண் வந்து கேட்டால் என்ன சொல்வேனோ அதை மட்டும் எழுதினேன். அம்மா சட்டை தைக்கிறவர். கண் தெரியாமல் போன பிறகு ஊசிக்கு நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவார், அக்காவைக் கூப்பிட மாட்டார், அவள் எச்சில் பண்ணிக் கோப்பாள் என்று. பலகாரம் சுட்டால் முதல் வருவது கருகினால் அதைத் தானே சாப்பிடுவார், கருகாவிட்டாலும் கருகிவிட்டது என்று சொல்லிச் சாப்பிடுவார். நான் கனடாவுக்கு வெளிக்கிட்ட நாள் அவர் அழவில்லை. வான் வாசலில் நிற்க, கொடியில் கிடந்த உடுப்பை எல்லாம் அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தார். மழை இல்லை. உடுப்பும் காயவில்லை.

கடைசி விசயத்தை எழுதிவிட்டு அழிக்கலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை. செய்தி போய்ச் சேர்ந்து, வாசித்ததற்கான நீலக் கோடும் விழுந்தது. பதில் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிய எழும்பித் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தபோது கல்வெட்டு போனுக்கு வந்தது. முன்னட்டையில் அம்மா அடையாள அட்டைப் படத்தில் முறைத்துக்கொண்டிருந்தார். பக்கங்களைத் தள்ளினேன். வரலாறு. தேவாரம். மூத்த மகள் புலம்பல். அடுத்த பக்கத்தில் இளைய மகள் புலம்பல்.

கல்வெட்டோடு வந்த செய்தியில் அக்காவின் மகள் எழுதியிருந்தாள்: "புலவர் எழுதினது அம்மாக்குப் பிடிக்கல்ல. கிழிச்சுப்போட்டா. உங்கட பக்கத்த அம்மாதான் ரெண்டு நாளா இருந்து எழுதின. நான் சொன்னண்டு சொல்லாதீங்க. உங்கட ஏழரைக்கு எடுப்பன்."

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். கடைக் கொப்பியைத் தவிர வேறு எதிலும் எழுதி நான் கண்டதில்லை.

ஏழரைக்கு அழைப்பு வந்தது. அங்கே அமுது முடிந்து, ஆட்கள் கை கழுவி, பாயில் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்பில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள் அக்காவின் மகள். நான் ஒலி திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். பிறகும் பார்த்தேன். அக்கா சுவரோடு சாய்ந்து இருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. அவளுடைய புலம்பலை அவளே வாசித்தாள். பெண்கள் அழுதார்கள்.

"அடுத்தது சின்னம்மாட," என்றாள் மகள். "நீங்களே வாசிக்கிறீங்களா, நான் வாசிக்கட்டா?"

"நான் வாசிக்கிறன்."

எனக்கு ராகம் வராது. கச்சேரியில் சுற்றறிக்கை வாசிப்பதுபோலத்தான் வாசித்தேன்.

"ஊசிக்கு நூல்கோக்க உன்மகளைக் கூப்பிட்டாய்,
வாசலிலே நின்றவளை வழியனுப்ப மாட்டாமல்
மழையில்லா வேளையிலே கொடியுடுப்பு எடுத்தாயே,
அழவில்லை நீயன்று; அதுவெனக்கு மறக்கலையே."

என் முன்னால் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. வெளியே ரொக்ஸ்பரோ ஸ்டேஷன் பக்கம் யாரோ நாயோடு போனார்கள். அடுத்த வரிக்கு வந்தேன்.

"கடல்தாண்டி இருந்தாலும் கடைக்குட்டி நானம்மா,
உடல்காண முடியாமல் ஒலிமூடி அழுதேனே."

அந்த இடத்தில் நின்றுவிட்டேன். பொய்யாக இருந்தது, அதனால் நின்றேன். அக்கா எனக்காக ஒரு பொய்யை எழுதி, அச்சடித்து, ஊருக்கெல்லாம் கொடுத்திருந்தாள். ஒலியை மூடியது அழுவதற்காகத்தான் என்று இனி எல்லோரும் நம்புவார்கள். வாசித்துவிட்டுப் போயிருக்கலாம்.

"அக்கா," என்றேன். "நான் அழல்ல."

பாயில் இருந்தவர்கள் அசையவில்லை. படம் அப்படியே உறைந்துபோனதுபோல் இருந்தது. லைன் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன்.

"அக்கா, கேக்குதா?"

அக்கா திரும்பினாள். முப்பது நாளைக்குப் பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"கேக்குது," என்றாள். "எனக்குத் தெரியும். நீ வாசி. அழுறதுக்கு நாங்க இரிக்கம்."

நான் அந்த வரியைத் திரும்ப முதலிலிருந்து வாசித்தேன். அவர்கள் அழுதார்கள்.